மூலைக்கு முளைத்த பல்

"அமுக்கிப் புடிங்கத்த!"

"புடிச்சுத்தான் இருக்கேன், நீங்க மேலருந்து..."

"மேலருந்து அடிச்சா கீழ வீங்கும், கீழருந்து..."

"...அடிச்சா மேல வாயப் பொளக்கும், அதத்தான் காலையிலேருந்து..."

"என்னையப் பேச விடுங்கத்த!"

"நீங்க பேசுங்க மாப்ள. சுத்தியல் பேசாம இருக்கட்டும். என் வெரலு இங்க இருக்கு."

லூர்துசாமி சுத்தியலை இறக்கினான். மாமியார் நவமணி விரலை எடுத்து, எண்ணிப் பார்த்து, மறுபடி வைத்தாள்.

சண்டை ஓர் எட்டடித் தகரத்தைப் பற்றியது. காகிதம் ஒட்டிய வெள்ளைப் பலகைகள் இரண்டு வந்து முட்டிக்கொள்ளும் வெளிமூலைக்கு அதுதான் கவசம். நீளவாக்கில் மடித்த தகரம்; இரண்டு பக்கமும் இறக்கை, இறக்கை முழுக்க ஓட்டை; நடுவில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய வரம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அந்த வரம்பை வேலைக்காரர்கள் 'மூக்கு' என்பார்கள். மூக்கு கோணினால் மூலை கோணும், மூலை கோணினால் அறையே கள் குடித்தது போல நிற்கும்.

அறை, டாக்டர் கதிரவேலுவின் புதிய பல் கிளினிக். ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடி. எண்பத்து நான்காம் ஆண்டு, சீனப் பெருநாளின் மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை. தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை.

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும்வரை பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் தச்சு வேலை பார்த்தவன் லூர்துசாமி. இப்போது தவுக்கே ஒருவரிடம், அதாவது சீன முதலாளியிடம், தடுப்புச்சுவர் வேலை. அதே தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டிய நவமணி, மருமகனுக்குக் கையாள். சட்டம் அடிப்பதும் பலகை ஏற்றுவதும்தான் இவர்கள் வேலை. மூலைக்குத் தகரம் வைத்து, மாவு பூசி, தேய்த்து முடிப்பது ஆ சாய் என்பவனின் வேலை. ஆ சாய் தைப்பிங்கில் அம்மா வீட்டில் பெருநாள் வாத்து தின்றுகொண்டிருந்தான்.

"ஆ சாய் செய்யறத முப்பது தடவ பாத்திருக்கேன்த்த. இது ஒரு வேலையா?"

"சாமியாரு பூச வைக்கறதையும்தான் பொறந்ததுலேருந்து பாக்குறீங்க. ஒரு ஞாயித்துக்கெழம ஏறி வச்சு முடிங்களேன்."

இதைச் சொல்லும்போது நவமணி தோள் துண்டால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு நாளாக அவள் எதைச் சொன்னாலும் துண்டுக்குப் பின்னாலிருந்துதான் சொல்கிறாள். கீழ்ப்பல் எல்லாம் அவளுடையது. மேல்பல் எல்லாம் கட்டுப்பல். அந்த மேல்வரிசை வியாழக்கிழமை சாயங்காலம் சரிபாதியாக உடைந்து, இப்போது கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் இருக்கிறது.

எப்படி உடைந்தது? பாக்கு கடித்துப் பழகியதில் உடைந்தது.

பாக்கு கடித்துப் பழக வேண்டிய அவசியம் என்ன? அங்கேதான் விஷயமே இருந்தது. அவள் மகன் லியோனார்டுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காம்பாரில் பரியம், அதாவது நிச்சயதார்த்தம். பூசை முடிந்து, பெரியவர்கள் முன்னால் சம்பந்திகள் இருவரும் ஒரே தட்டிலிருந்து வெற்றிலை பாக்கு மென்று, சிவந்த வாயோடு 'சம்மதம்' சொல்ல வேண்டும். அது அவர்கள் வழக்கம். பெண்ணின் அம்மா பியாட்ரிஸ் லேசுப்பட்டவள் இல்லை. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வந்த ஒரு நல்ல சம்பந்தத்தையே திருப்பி அனுப்பியவள். காரணம், மாப்பிள்ளையின் அப்பா சாப்பிட்டு முடித்ததும் பல்லைக் கழற்றித் தேத்தண்ணிக் கிளாசில் அலசிவிட்டாராம்.

"பல்லுல பொய்ய வச்சிருக்கறவங்க, சொல்லுல மட்டும் உண்மைய வச்சிருப்பாங்களா?" என்று முறுக்கை நொறுக்கிக்கொண்டே கேட்டாளாம்.

அதைக் கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த நவமணி சும்மா இருந்திருக்கலாம். "என் பல்லெல்லாம் ஆண்டவரு குடுத்தது" என்று சொல்லிவிட்டாள்.

"ஏன்த்த அப்படிச் சொன்னீங்க?" என்று லூர்துசாமி பிறகு கேட்டான்.

"பல்லு டாக்டரையும் ஆண்டவருதான படைச்சாரு?"

ஆக, நாளைக்குள் பல் ஒட்டவில்லையென்றால் லியோனார்டுக்குப் பெண் இல்லை. கட்டுப்பல் டாக்டர்கள் எல்லாரும் விடுமுறை. கையில் இருந்தது இந்த ஒரு டாக்டர். அவருக்கும் ஓர் அவசரம் இருந்தது.

அவர் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்து வம்சம், இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, தகரத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்ன லூர்து, உது நிமிர்ந்துதான் நிக்குதோ?"

"சிப்பாய் மாதிரி நிக்குது டாக்டர்."

"மேல ஒரு சொத்தை தெரியுது பாரும்."

"அது ஆணித் தலை டாக்டர். மாவு பூசுனா மறஞ்சிரும்."

"பாரும், நாளைக்குக் காலமை ஆறரைக்கு இஞ்ச பால் காய்ச்சுறம். என்ர சகலன் துரைசிங்கம் வாறார். எஞ்சினியரா இருந்து ரிட்டையர் ஆன மனுசன். அவர் ஒரு வீட்டுக்குள்ள வந்தா சாமிப் படத்தைப் பாக்க மாட்டார், மூலையைத்தான் பாப்பார். போன முறை என்ர வீட்டு மூலையைப் பாத்திட்டு 'கதிரு, இதென்ன யானை உரசின மரமோ' எண்டு கேட்டவர். பன்ரெண்டு பேருக்கு முன்னால!"

"இந்த மூலையப் பாத்து வாயத் தொறக்க மாட்டாரு டாக்டர்."

"டாக்டரய்யா, எங்க வாயத் தொறக்கறதுக்கு..." என்று நவமணி துண்டுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் நேற்றே சொல்லிட்டன். மூலை முடிஞ்சாத்தான் பல்லு."

நவமணி மருமகனைப் பார்த்தாள். "அடிங்க மாப்ள. வெரலு போனாப் போவுது."

அதன்பிறகு ஆணி சரசரவென்று இறங்கியது. இந்த இறக்கையில் ஒன்று, அந்த இறக்கையில் ஒன்று, மாற்றி மாற்றி, ஒரு சாணுக்கு ஒன்று. மூக்கில் சுத்தியல் படவில்லை. ரசமட்டத்தை ஒட்டிப் பார்த்தார்கள். குமிழி நடுவில் போய் உட்கார்ந்தது.

"சிப்பாய்!" என்றான் லூர்துசாமி.

அப்புறம் பூச்சு மாவு மூட்டையைத் தூக்கப் போனான். மூட்டை வரவில்லை. காலால் ஓர் உதை விட்டான். மூட்டை அசையவில்லை, லூர்துசாமிதான் ஒற்றைக் காலில் அறையைச் சுற்றி வந்தான். சன்னல் ஒழுகி, இரண்டு நாள் மழை முழுவதும் மூட்டைக்குள் இறங்கி, மாவு கல்லாகிவிட்டிருந்தது.

"நல்ல வேள. நான் இதும்மேல ஒக்காந்துதான் காலைல ரொட்டி தின்னேன்" என்றாள் நவமணி. "அப்பவே நெனச்சேன், மாவு மூட்ட ஏன் இப்படி குத்துதுன்னு."

"நெனச்சத சொல்லக் கூடாதாத்த?"

"நீங்கதான என்னையப் பேசாதீங்கன்னீங்க?"

கடை ஒன்றும் இல்லை. தவுக்கே வீட்டில் ஆள் இல்லை. தகரம் மட்டும் ஓட்டை ஓட்டையாக, ஆணி ஆணியாக நின்றது. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே துரைசிங்கத்தை நினைத்தார். நினைத்தது முகத்தில் தெரிந்தது.

"அத்த, முதல்ல தண்ணி கொண்டாங்க. வேற வழி பாப்போம்" என்றான் லூர்துசாமி.

மாடிக்கு இன்னும் குழாய் வைக்கவில்லை. குழாய்க்காரனும் பெருநாள் போய்விட்டான். நவமணி ஒரே ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பின்சந்துக் குழாய்க்கு இறங்கினாள்.

அவள் போன பிறகுதான் லூர்துசாமியின் கண், அலமாரி மேல் இருந்த பெரிய டின்னில் பட்டது.

"டாக்டர், அதுல என்ன வெள்ளையா?"

"உது பல்லு அச்சு எடுக்கிற மா. தொடாதையும்."

"பூச்சு மாவு மாதிரியே இருக்கு?"

டாக்டர் டின்னை இறக்கி மூடியைத் திறந்தார். "ரெண்டும் ஒரே சாதிதான்" என்றார், சொந்தக்காரனைக் காட்டிக்கொடுப்பவர் போல. "பாதி உமக்கு, பாதி அந்த அம்மான்ர பல்லுக்கு. ஆனா கேட்டுக்கொள்ளும். இது உம்மட மாவைப்போல ஒரு இரவு காயாது. பத்து நிமிசத்தில கல்லாயிடும். கலந்த கையோட பூச வேணும்."

"பத்து நிமிஷமா! தங்கமான மாவு லா!"

இதை நவமணி கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் அப்போது பின்சந்தில், வாளி நிறைவதைப் பார்த்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆ சாய் பூசும் மாவு காய ஓர் இரவு ஆகும். மூலை முடிந்தால்தான் பல். மூலை நாளைக்குக் காய்ந்தால் பல் எப்போது? பரியம் எப்போது?

முப்பது வருஷம் பால் ஸ்டோரில் பார்த்திருக்கிறாள். தண்ணி போல இருக்கும் பாலைத் தொட்டியில் ஊற்றி, கொஞ்சம் ஆசிட் விட்டால் தோசை போலக் கெட்டியாகிவிடும். பாலும் வெள்ளை, மாவும் வெள்ளை. ஆசிட்டுக்கு எங்கே போவது? மாடிப்படியில் அவள் மதியச் சாப்பாட்டுக் கூடை இருந்தது. கூடைக்குள் சோறு, கருவாட்டுச் சம்பல், பச்சை மிளகாய் ஊறப்போட்ட சுக்கா, அதாவது காடி, ஒரு பாட்டில். சுக்காவும் புளிப்பு, ஆசிட்டும் புளிப்பு.

மிளகாய் விழாமல் விரலால் தடுத்துக்கொண்டு, பாட்டில் சுக்காவையும் வாளியில் கவிழ்த்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. கேட்டுச் செய்தால் வேண்டாம் என்பார்கள், கேட்காமல் செய்தால் நன்றி சொல்வார்கள் என்பது அவள் நெடுநாளைய கொள்கை.

"தண்ணி கொண்டாந்துட்டேன். சும்மா கலக்குங்க, எல்லாம் கெட்டியாயிரும்" என்றாள் பெருந்தன்மையாக.

லூர்துசாமி ஒரு தட்டில் மாவைக் கலக்கினான். டாக்டர் ரப்பர் கிண்ணத்தில் தன் பங்கைக் கலக்கினார். தண்ணீர் ஒரே வாளித் தண்ணீர்.

டாக்டரின் முறை இது: முதலில் பல்லின் ஒரு பாதியை மாவில் பதித்து இறுக வைப்பது, இறுகியதும் மறுபாதியை ஒட்டிப் பிடித்து, நடுவில் ரோஸ் நிறப் பசை வைப்பது. அவர் வலது பாதியைக் கிண்ணத்தில் பதித்தார். இடது பாதியைத் துடைத்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

லூர்துசாமி அகலக் கத்தியில் மாவை அள்ளி, கத்தியின் ஒரு முனையைத் தகரத்தின் மூக்கிலும் மறுமுனையைப் பலகையிலும் வைத்து இழுத்தான். ஆ சாய் அப்படித்தான் செய்வான். ஆ சாய்க்கு வந்தது. இவனுக்குக் கத்தி சென்ற இடமெல்லாம் வாய்க்கால் வந்தது.

"குடுங்க மாப்ள."

"இது பலகத்த, மரமில்ல."

"கத்தி கத்திதான், குடுங்க."

நவமணி வாங்கினாள். கை என்னவோ அற்புதமான கைதான். கத்தி காகிதம் உரசுவது போலப் போனது. ஆனால் முப்பது வருஷமாக அந்தக் கை இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்துதான் போகும். நேராகப் போ என்றால் அதற்குத் தெரியாது. ஐந்து நிமிஷத்தில் மூலையின் இரண்டு பக்கமும் சாய்வு சாய்வாகக் கோடு விழுந்து, வெட்டு மரம் ஒன்று கிளினிக்கில் முளைத்தது போல இருந்தது.

"அத்த, இதுல பால் வருமா?"

"கேலி பண்ணாதீங்க. காஞ்சதும் தேச்சுக்கலாம்."

"பத்து நிமிசம்" என்றார் டாக்டர்.

லூர்துசாமி விரலால் அமுக்கினான். விரல் உள்ளே போனது.

"பதினைஞ்சு நிமிசம்."

இப்போது அமுக்கத் தேவையில்லை. மாவு தானாகவே புறப்பட்டு, கோட்டு வழியாக மெதுவாக வழிந்து, மூலையின் அடியில் சொட்டியது. நவமணி ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் கொப்பளிக்கும் கோப்பை ஒன்றை எடுத்து, சொட்டும் இடத்தில் நேராக வைத்தாள். அது நிறைந்ததும் அடுத்தது. கையில் மூன்றாவது கோப்பையோடு நிமிர்ந்தபோதுதான் இரண்டு ஆண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"என்ன செய்யிறீங்கள் அம்மா?"

"பால் புடிக்கற மங்கு வைக்கிறேன்."

"சுவருக்கோ?"

"சொட்டுதுல்ல?"

டாக்டர் மூக்கை உறிஞ்சினார். சுவருக்கு அருகில் போய் உறிஞ்சினார். கிண்ணத்தைத் தூக்கி உறிஞ்சினார். "இஞ்ச என்ன ஊறுகாய் மணம்?"

நவமணி துண்டால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதும் அவள் அப்படித்தான்.

"கொஞ்சம் சுக்கா விட்டேன்."

"எவ்வளவு?"

"ஒரு பாட்டுலு."

"அத்த!"

"பாலுக்கு ஆசிட் விட்டா கெட்டியாவுது. ஒலகத்துக்கே தெரியும். மாவு மட்டும் என்ன பெரிய துரையா?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நோயாளிகள் உட்காரும் நாற்காலி. அது பின்னால் சாய்ந்து அவரைப் படுக்க வைத்தது. படுத்தபடியே பேசினார். "அம்மா, பாலுக்கு விட்டா உறையும். இந்த மாவுக்கு விட்டா உறங்கும். இனி இது எப்ப எழும்பும் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். டின்னும் முடிஞ்சுது."

"பல்லு?"

"பல்லும் அந்த மாவுக்குள்ளதான் கிடக்கு."

நவமணி கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். வலது பாதி தெரியவில்லை. குழம்பில் கத்திரிக்காய் போல அடியில் இறங்கிவிட்டிருந்தது.

"கை விட்டு எடுக்கட்டா?"

"வேண்டாம்! ஒண்டும் தொடாதையுங்கோ! ரெண்டு பேரும் அப்பிடியே நில்லுங்கோ, நான் கீழ போய் என்ர மாமாவின்ர வீட்டுக்கு ஒரு ஃபோன் எடுத்திட்டு வாறன், அவையிட்ட சிமெந்தாவது இருக்குதோ பாப்பம்."

அவர் இறங்கிப் போனார். லூர்துசாமி மூலையைப் பார்த்தான். வழிந்து வழிந்து இடுப்பு உயரத்தில் பெரிய பள்ளம் விழுந்து, தகரம் எலும்பு போலத் தெரிந்தது. கோப்பையில் வழிந்ததை எடுத்து அப்பினான். பற்றவில்லை. தட்டைச் சுரண்டினான். பற்றவில்லை. பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் மாவு இருந்தது. டாக்டர் சொன்ன எதையும் அவன் காதில் வாங்கியிருக்கவில்லை. மூலை தெரிந்தால் அவனுக்கு வேறெதுவும் தெரியாது. கிண்ணத்தைக் கவிழ்த்து, மொத்தமாகப் பள்ளத்தில் அப்பி, பலகைத் துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். நவமணி அப்போது சன்னல் பக்கம் திரும்பி, புனித அந்தோணியாரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர்தான். இன்னும் எதுவும் காணாமல் போகவில்லை என்று நினைத்ததால், முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

இரண்டு மணியானது. மூன்று மணியாகும்போது மாவு ஒருவழியாக எழுந்தது. முதலில் சூடானது, பிறகு கெட்டியானது, பிறகு தட்டினால் டொக்கென்றது. லூர்துசாமி மணல் காகிதத்தால் தேய்த்தான். நவமணியின் சாய்வுக் கோடெல்லாம் மறைந்தது. தகரத்தின் மூக்கு மட்டும் மயிரிழை போல மின்ன, இரண்டு பக்கமும் பலகையோடு கலந்து வழுவழுவென்று இறங்கியது மூலை. ஆ சாய் பார்த்திருந்தால் வாத்தைக் கீழே வைத்திருப்பான்.

சிமெந்து தேடி ஊரெல்லாம் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்த டாக்டர் வாசலிலேயே நின்றார்.

"லூர்து."

"டாக்டர்."

"இது மூலை."

"நான் சொல்லல? சிப்பாய்!"

"துரைசிங்கம் செத்தார்!" டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டார். "சரி அம்மா, வாங்கோ. கிண்ணத்திலயும் இறுகியிருக்கும். பல்லைப் பாப்பம்."

கிண்ணம் காலி. வழித்து நக்கியது போலக் காலி.

"இதுக்குள்ள இருந்தது எங்க?"

"எது டாக்டர், மாவா? பூசிட்டேன்."

"அதுக்குள்ள இருந்தது?"

லூர்துசாமி வாய் திறந்தது. மூடவில்லை. நவமணி கீழே உட்கார்ந்து கோப்பைகளுக்குள் தேடினாள். டாக்டர் சின்னக் கண்ணாடியை எடுத்து, மூலையை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இடுப்பு உயரத்தில் கண்ணாடி நின்றது. வழுவழுப்பான வெள்ளையில், உளுந்து அளவுக்கு இன்னும் கொஞ்சம் பளபளப்பான வெள்ளை.

"லூர்து" என்றார் மெல்ல. "உம்மட மூலைக்குப் பல் முளைச்சிருக்கு."

அப்புறம் யார் முதலில் கத்தினார்கள் என்று சொல்ல முடியாது.

"ஒடைங்க மாப்ள!"

"உடைக்கப் படாது!"

"என் பல்லு!"

"என்ர மூலை!"

"என் மவன் கல்யாணம் அதுக்குள்ள இருக்கு!"

"என்ர மானம் அதுக்கு மேல இருக்கு! நாளைக்குப் பால் காய்ச்சின பிறகு உடையுங்கோ, நானே சுத்தியல் தாறன்!"

"பால் பொங்கறப்ப சொவரு சிரிச்சா ஒங்க சகல என்ன சொல்லுவாரு?"

"சிரிக்காது, ஒரு பல்லுதான் தெரியுது!"

"அத்த, டாக்டர், நான் ஒண்ணு சொல்லட்டா..."

"நீர் வாயை மூடும்!"

"நீங்க சும்மா இருங்க மாப்ள!"

நவமணி படியிலிருந்த கூடையைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். சோற்றுக்கும் சம்பலுக்கும் அடியிலிருந்து பால்வெட்டுக் கத்தியை எடுத்தாள். மீன் அரியவும் நகம் வெட்டவும் அவளுக்கு அதுதான். மூலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டரய்யா, முப்பது வருஷத்துல ஒரு மரத்துக்குக் காயம் வச்சதில்ல. தோலு மட்டும்தான் எடுப்பேன். பல்லச் சுத்தித் தெரியற அளவுக்குத்தான் சீவப்போறேன். ஒங்க தகரத்து மூக்குல ஒரு கீறல் விழுந்தா, என் கீழ்ப்பல்லையும் நீங்களே புடுங்கிக்குங்க."

டாக்டர் தடுக்கவில்லை. கத்தி இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்தது. வெங்காயத் தோல் போல ஒரு சுருள் விழுந்தது. இன்னொன்று. ஒரு பல், இரண்டு பல், ரோஸ் நிற ஈறு, உடைந்த விளிம்பு. சுவர், ஒரு பக்கமாகச் சிரித்தது.

நவமணி பல்லைப் பிடித்து அசைத்தாள். அசையவில்லை.

"நில்லுங்கோ" என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது. தானும் ஆட்டிப் பார்த்தார். "என்ர கிண்ணத்தில பதிச்சிருந்தா இவ்வளவு உறுதியா நிக்காது. பின்னால தகரம் பிடிச்சிருக்கு. எடுக்காதையுங்கோ. இஞ்சயே ஒட்டுறன்."

"சொவத்துலயா?"

"சுவர்தான் இப்ப என்ர நோயாளி. லூர்து, டோர்ச்சைப் பிடியும்."

அப்புறம் ஒரு முக்கால் மணி நேரம், ஈப்போவில் எந்தப் பல் டாக்டரும் செய்யாத வைத்தியம் நடந்தது. டாக்டர் தரையில் முழங்கால் போட்டு, ரோஸ் தூளையும் நாறும் தைலத்தையும் குழைத்து, சுவரில் இருந்த பாதியோடு கையிலிருந்த பாதியை ஒட்டிப் பிடித்தார். பழக்கத்தில் இரண்டு முறை சுவரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஆவெண்டு திறவும்" என்றார். பின்னால் நின்ற லூர்துசாமி இரண்டு முறையும் திறந்தான்.

பசை இறுகியது. நவமணி கத்தியை அடியில் விட்டு, ஒரே சாய்வில் நெம்பினாள். முழு வரிசையும் கையில் வந்து விழுந்தது. உடைந்த இடம் தெரியவில்லை. தகரத்தின் மூக்கில் கீறலும் இல்லை. மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம், மேலண்ணத்தின் வரிகூட விடாமல்.

"யாரோ என்ர சுவரைக் கடிச்ச மாதிரி இருக்கு" என்றார் டாக்டர் பரிதாபமாக.

"நெறகுடம் வைப்பீங்கல்ல டாக்டர், பால் காய்ச்சறப்ப?" என்றான் லூர்துசாமி. "ஒரு முக்காலி போட்டு, அத இந்த மூலைக்கு முன்னால வச்சிருங்க. மாவெல, தேங்காயெல்லாம் வச்சா இடுப்பு ஒயரம் வந்துரும்."

"துரைசிங்கம் கும்பத்தை விலத்திப் பாத்தா?"

"கும்பத்தத் தொட்டா பாவம்னு சொல்லிருங்க."

டாக்டர் யோசித்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது. "அம்மா, பல்லில மா ஒட்டியிருக்கு. வீட்டை போய் இரவைக்குக் கழற்றி, பிரஷ் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்கோ. என்ன?"

நவமணி அதற்குள் மாட்டிக்கொண்டுவிட்டாள். இரண்டு நாளுக்குப் பிறகு துண்டு தோளுக்குப் போனது.

"ஒறைக்குது" என்றாள்.

"மிளகாய்த் தண்ணியில குழைச்சா உறைக்காம?"

வீட்டுக்குப் போனபின் அவள் பல்லைக் கழற்றவில்லை. கழற்றினால் எங்கேயாவது போய் ஒட்டிக்கொண்டுவிடும் என்று பயம். மகள் கெர்ட்ரூட் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அது சொவத்துல ஒரு நாளு இருந்தது போதும்டி. இனி என் வாய விட்டு எங்கயும் போவாது" என்று வாயை இறுக மூடிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காம்பாரில் பூசை முடிந்து, பியாட்ரிஸ் வீட்டுக் கூடத்தில் இரு பக்கத்துப் பெரியவர்களும் பாய் நிறைய உட்கார்ந்தார்கள். நடுவில் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மூடி போட்ட சுண்ணாம்புச் சிமிழ். ஒரு பக்கம் பியாட்ரிஸ், எதிரே நவமணி. நவமணிக்குப் பின்னால் லூர்துசாமி, சட்டைப் பொத்தானைத் திருகியபடி. வாசல் ஓரம் லியோனார்ட், முகம் வெளுத்து.

"மொதல்ல பாக்கு, சம்பந்தி" என்றாள் பியாட்ரிஸ். தட்டிலிருந்ததில் பெரியதாகப் பார்த்து எடுத்து நீட்டினாள். "முழுசு. ஒங்களுக்கென்ன, ஆண்டவரு குடுத்த பல்லு."

லூர்துசாமி கண்ணை மூடிக்கொண்டான்.

கடக்!

கண்ணைத் திறந்தான். உடைந்தது பாக்குதான். நவமணி இரண்டு துண்டையும் நாக்கால் ஒதுக்கி மென்றாள். பெரியவர்கள் தலையாட்டினார்கள். யாரோ ஒருவர், "தோட்டத்துப் பல்லுன்னா சும்மாவா லா" என்றார். லியோனார்ட் முகத்தில் ரத்தம் திரும்பியது. வெற்றியைப் பொறுக்க முடியாமல் நவமணி சிரித்தாள். மருமகனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், பெரியவர்களைப் பார்த்துச் சிரித்தாள், கடைசியில் பியாட்ரிஸுக்கு நேராக, மேல்வரிசை முழுவதும் தெரிய, காது வரைக்கும் சிரித்தாள்.

பியாட்ரிஸ் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை நின்றது. தட்டுக்கு மேலாக மெல்லச் சாய்ந்து, நவமணியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு மூடி திறக்காத சுண்ணாம்புச் சிமிழைப் பார்த்தாள். மறுபடி வாயைப் பார்த்தாள்.

"நான் இன்னும் சுண்ணாம்ப எடுக்கவே இல்லியே சம்பந்தி, ஒங்க மேல்பல்லு இடுக்குல எல்லாம் எப்படி வெள்ளையா அப்பியிருக்கு?"